இடது கம்பம்

கயிறு திடீரென்று கையை இழுத்தது. செல்சோ பாறை இடுக்கில் காலை ஊன்றிக்கொண்டு பின்னால் சாய்ந்தான். கீழே மொஞ்சோ இருந்த இடத்தில் நுரை மட்டும் கொதித்தது. நுரை வடிந்தபோது பாறையைக் கட்டிப்பிடித்தபடி அவன் தெரிந்தான். நெற்றியிலிருந்து ரத்தம் வழிந்துகொண்டிருந்தது.

மேலே ஏறி வந்து உப்புத் தண்ணீரைத் துப்பினான். பிறகு சிரித்தான்.

"என்ன மச்சான், கத்தவே இல்ல?"

"அலை திடீர்னு எழும்பிருச்சு."

"அலைன்னா எழும்பத்தான் செய்யும். உங்கள எதுக்கு மேல நிறுத்தியிருக்கேன், கடலோட அழகைப் பாக்கவா?"

மொஞ்சோ செல்சோவின் மனைவி தொரிந்தாவுக்குத் தம்பி. இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கி, பாறை விளிம்பில் விரல்விரலாக ஒட்டிக் கிடக்கும், உணவுக்கு விலைபோகும் பெர்சேபெஸ் என்ற கடலுயிரைச் சுரண்டி எடுப்பான். சுரண்டும்போது கடலுக்கு முதுகைக் காட்டித்தான் நிற்க வேண்டும். மேலே கயிற்றைப் பிடித்திருப்பவன் அலையைப் பார்த்துக் கத்த வேண்டும். இரண்டு குளிர்காலமாகக் கத்துவது செல்சோ. "பந்தை விட்டுக் கண்ணை எடுக்காத ஆளு. இவரை விட்டா வேற யாரு?" என்று மொஞ்சோதான் கூப்பிட்டான்.

செல்சோவின் குரலும் அதற்கு ஏற்றதுதான். துறைமுகத்துக்கு மேலிருந்த கால்பந்து மைதானத்தில் அவன் கோல்கீப்பராக ஆடத் தொடங்கிய காலத்தில், "என்னோடது!" என்று பந்துக்குப் பாய்ந்தால் கீழே வலை தைப்பவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். அந்தக் குரலைக் கேட்டுத்தான் கடலைவிட்டுத் தள்ளியிருந்த நகரமொன்றின் இரண்டாம் பிரிவு அணி அவனை அழைத்துக்கொண்டது. மூன்று வருடம் நன்றாக ஓடியது. பிறகு ஒரு மழை நாளில் எதிரணிக்காரனின் முழங்கால் இடது கன்னத்து எலும்பில் இறங்கியது. எழுந்து நின்று ஆட்டத்தை முடித்தான். வீக்கம் வடிந்தது. இடது கண்ணின் ஓரத்தில் விழுந்த திரை விலகவில்லை.

அணியில் யாரிடமும் சொல்லவில்லை. பார்வை குறைந்த கோல்கீப்பரை எந்த அணியும் வைத்துக்கொள்ளாது. இடது கோல் கம்பத்தை நோக்கி அரை அடி தள்ளி நிற்கத் தொடங்கினான். முகத்தைக் கொஞ்சம் திருப்பிக்கொண்டான். அது அவனுடைய தனிப் பாணி என்று பத்திரிகைகள் எழுதின. இளம் கோல்கீப்பர்கள் அப்படியே நின்று பார்த்தார்கள்.

தோற்றால் கீழ்ப்பிரிவுக்கு இறங்க வேண்டிய ஆட்டம் ஒன்று வந்தது. இடது மூலையிலிருந்து உதைத்த பந்து மெதுவாக மிதந்து வந்து அவன் தோளை உரசிக்கொண்டு உள்ளே போனது. அவன் கையைக்கூடத் தூக்கவில்லை. எதிரணியிடம் விலை போய்விட்டான் என்று ரசிகர்கள் கத்தினார்கள். சில்லறையை விட்டெறிந்தார்கள். இல்லை என்று சொல்ல வேண்டுமானால் கண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதன்பின் எந்த அணியும் அவனைக் கூப்பிடவில்லை. ஊரில் அவனுக்காகச் சண்டை போட்டவன் மொஞ்சோ ஒருவன்தான். மதுக்கடையில் ஒருவனுடைய பல்லை உடைத்தான்.

அன்று மாலை செல்சோ பாறையிலிருந்து வீட்டுக்கு வந்ததும் தொரிந்தா கேட்டாள். அவளுக்கு மட்டும் கண் விஷயம் தெரியும்.

"தம்பி நெத்தியில தையல் போட்டிருக்கு. அலை எந்தப் பக்கமிருந்து வந்துச்சு?"

"இடது."

"அவன்கிட்ட சொல்லிடு."

"நாளைக்கு ஒரு நாள்தான். கிறிஸ்துமஸுக்கு முன்னாடி கடல் நல்லா உள்வாங்குற கடைசி இறக்கம். முகத்தை இடது பக்கமாத் திருப்பி வச்சுக்கிறேன்."

"அப்ப வலது பக்கத்துல வர்றது?"

வெளியே கடல், பாரவண்டிகள் வரிசையாகப் போவதுபோல் உறுமிக்கொண்டிருந்தது. செல்சோ மேல்சட்டையை மாட்டிக்கொண்டு மொஞ்சோ வீட்டுக்குக் கிளம்பினான்.

மொஞ்சோ அடுப்படியில் கயிற்றின் நைந்த இடத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எனக்கு இடது பக்கம் ஓரம் தெரியாது. ரொம்ப வருஷமா," என்றான் செல்சோ.

"அப்ப அந்த கோல்?"

"பந்தே தெரியல."

மொஞ்சோ எழுந்து அவன் தோளைப் பிடித்து உலுக்கினான். "அப்ப நீங்க காசு வாங்கல! எனக்குத் தெரியும். தலைபாடா அடிச்சுக்கிட்டேன், ஒரு பய நம்பல—"

கையை எடுத்தான். நெற்றித் தையலைத் தொட்டான்.

"ரெண்டு குளிர்காலம், மச்சான்."

செல்சோ தலையை ஆட்டினான்.

"எனக்கு ரெண்டு பொண்ணுங்க இருக்கு. அது உங்க கண்ணுக்குத் தெரியுமா?"

"அதான் சொல்ல வந்தேன்."

"இன்னிக்குத்தான் வந்தீங்க." மொஞ்சோ கயிற்றைச் சுருட்டித் தன் பக்கமாக இழுத்து வைத்துக்கொண்டான். "போங்க."

மறுநாள் செவ்வாய்க்கிழமை. கடலிறக்கம் பதினொரு மணிக்கு. மொஞ்சோ தனியாகப் போனான். கயிற்றின் மறுமுனையைப் பாறையில் அறைந்திருந்த இரும்பு வளையத்தில் கட்டினான். ஒரு மணிக்கு அரைப் பையோடு திரும்பினான். நல்ல விலை கிடைத்தது. மேலே யார் நின்றது என்று மதுக்கடையில் கேட்டார்கள். இனிமேல் யாரும் நிற்க வேண்டாம் என்றான். செல்சோ விறகு பிளந்தான். மத்தியானம் மழை பெய்தது. புதன்கிழமை அலை இன்னும் உயரும் என்று வானொலி சொன்னது. அன்றைக்கும் தனியாகவே இறங்குவதாக மொஞ்சோ சொல்லியிருந்தான்.