பச்சை நெருப்பும் வராத நாயும்

எங்கள் பஸ் ஓட்டிய அந்த அக்காவை நினைத்தால் முதலில் பச்சை வெளிச்சம்தான் கண்ணில் வருகிறது. அன்று விடிய இன்னும் நேரம் இருந்தது. மலேசியாவில் கிளாங்கிலிருந்து பெட்டாலிங் ஜெயாவுக்குப் போகும் எங்கள் ஃபேக்டரி பஸ் கூட்டரசு நெடுஞ்சாலையில் ஓடிக்கொண்டிருந்தது. ஏறியதும் திரையை இழுத்துவிட்டுத் தூங்கிவிடுவது எங்கள் பஸ்ஸின் வழக்கம். எனக்கு மட்டும் தூக்கம் வராது. முன்வரிசையில் சாலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பேன். திடீரென்று வானத்தில் ஒரு பச்சை நெருப்பு உருண்டை சாய்வாக இறங்கியது. சாலைப் பலகையின் எழுத்து, ஸ்டியரிங் பிடித்திருந்த அக்காவின் வளையல் எல்லாம் பட்டப்பகல்போல் தெரிந்தன. உருண்டை இரண்டாக உடைந்து மரங்களுக்குப் பின்னால் அணைந்தது. எதிரிலேயே விழுகிறதென்று நினைத்து அக்கா பிரேக்கை மிதித்துவிட்டார். தூங்கியவர்கள் முன்சீட்டில் மோதினார்கள். ஒருத்திக்குப் பல் உடைந்தது.

அக்கா கணவரை இழந்தபின் லைசென்ஸ் எடுத்து, ஆண்கள் மட்டுமே இருந்த டெப்போவில் பதினைந்து வருடம் நின்று காட்டியவர். ஓட்டும்போது தூங்கிவிட்டார் என்று புகார் போயிற்று. அது உறுதியானால் வேலை போய்விடும். டெப்போ மேனேஜர் கெட்டவர் இல்லை. நாய் குறுக்கே வந்தது என்று எழுதிக்கொடுங்கள், முடித்துவிடலாம் என்றாராம்.

“நாய் வரலை பாஸ். வராத நாய் மேல நான் ஏன் பழி போடணும்? வானத்துல நெருப்பு போச்சு. அதைத்தான் எழுதுவேன்.”

அப்படியே எழுதியும் கொடுத்தார். டெப்போவே சிரித்தது.

பஸ்ஸில் இருந்த எங்களிடம் டெப்போவிலிருந்து ஒரு தாள் வந்தது. ‘சம்பவத்தின்போது தூங்கிக்கொண்டிருந்தேன்’ என்பதன் கீழே எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். அந்த மாதம்தான் என் வேலை நிரந்தரமாக வேண்டியிருந்தது. வானத்தில் நெருப்பைப் பார்த்தேன் என்று சொல்லிப் பைத்தியக்காரிப் பட்டம் வாங்க எனக்குத் துணிவில்லை. நானும் போட்டேன். பேனாவை அடுத்தவளிடம் நீட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போனேன், அதுதான் இன்றும் உறுத்துகிறது.

அக்காவிடமிருந்து வண்டிச் சாவியை வாங்கிக்கொண்டார்கள். அவரோ தினமும் சீருடை போட்டுக்கொண்டு டெப்போ வாசலில் போய் உட்கார்ந்தார். நான்காம் நாள், யாரோ ஒருவரின் கார் கேமராவில் பதிவான படம் எல்லோர் கைப்பேசிக்கும் வந்தது. அதே சாலை, அதே பச்சை நெருப்பு. விண்கல் என்றார்கள். சாவி திரும்பக் கிடைத்தது.

அவர் வந்த அன்று கடைசி ஆளாக இறங்கினேன். நானும் பார்த்தேன், பயத்தில் சொல்லவில்லை என்றேன்.

“தெரியும்மா. அந்த வெளிச்சத்துல மேல உள்ள கண்ணாடில உன் முகம் நல்லா தெரிஞ்சுச்சு.”

பிறகு ஏன் என் பெயரைச் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“நான் இழுத்துட்டு வந்தா அது சாட்சியா? நீயா வரணும் லா.”

திட்டியிருந்தால் ஒருவாறு தாங்கியிருப்பேன்.

அக்கா ஓய்வு பெற்றுவிட்டார். நான் இப்போது அதே தொழிற்சாலையில் சூப்பர்வைசர். போன வாரம் ஒரு மெஷின் கெட்டுப்போனதற்குப் புதிதாக வந்த நேப்பாளப் பெண்மேல் பழி விழுந்தது. அவள் அதைத் தொடவே இல்லை, நான் பார்த்துக்கொண்டிருந்தேன். நாளைக் காலை விசாரணை. என்னை யாரும் கூப்பிடவில்லை. நான் போகிறேன்.