ரோஸ்மில்க் நிறம்

"உங்க வூட்ல பள்ளிக்கூடம் பார்த்ததே நீ ஒருத்திதான். நீ சொல்ற கலரை நான் நம்பணுமாம்மா?" என்றார் லேப் இன்சார்ஜ். ஒரகடத்தில் கார் பாகங்களுக்குப் பெயின்ட் அடிக்கும் கம்பெனி அது. கெமிஸ்ட்ரி டிகிரியோடு நான் சேர்ந்த புதிது.

பெயின்ட்டுக்கு முன்னால் தகடுகளை அமிலத் தொட்டியில் முக்குவார்கள். செறிவு குறைந்தால் பெயின்ட் பிடிக்காமல் உரியும். தொட்டியிலிருந்து கொஞ்சம் எடுத்து, நிறங்காட்டி விட்டு, ப்யூரெட்டிலிருந்து காரத்தைச் சொட்டுச் சொட்டாக இறக்கி அளப்பது என் வேலை. வெள்ளைத் தாள்மேல் வைத்துப் பார்த்தால்தான் தெரிகிற இளஞ்சிவப்பு வந்து நின்றதும் நிறுத்திவிட வேண்டும். இன்சார்ஜ் ரோஸ்மில்க் மாதிரி ஆகும்வரை விடுவார். கூடுதலாக இறங்கிய காரம், இல்லாத அமிலத்தை இருப்பதாகக் காட்டும். தொட்டியைச் சரிசெய்ய லைனை நிறுத்த வேண்டியதில்லை. அவருக்கு அதுதான் வேண்டும்.

எனக்குக் குறைவாக வந்தது. "அமிலம் பத்தாது சார்" என்றேன்.

"மொதல்ல கண்ணாடி போடும்மா."

லைன் ஆட்கள் சிரித்தார்கள். "அக்கா, என் ரோஸ்மில்க்குல கொஞ்சம் சப்ஜா போடுங்க" என்றான் ஒருவன்.

அடுத்த வாரம் என்னைப் பேக்கிங்குக்கு மாற்றினார்கள். பொண்ணுக்குக் கலர் தெரியவில்லையாம். அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டினேன். அம்மாவிடம் சொல்லவில்லை. அவள் துவைத்து மடித்துத் தரும் வெள்ளைக் கோட்டைப் பையிலேயே வைத்திருந்து திரும்பக் கொண்டுபோவேன். "அழுக்கே ஆகலியே, அவ்ளோ சுத்தமான வேலையா?" என்பாள் பெருமையாக.

பெயின்ட் உரிந்த பாகங்கள் திரும்பி வந்தபோது பெட்டியைப் பிரித்தது நான்தான். நகத்தால் கீறினேன், தோல்போல வந்தது. அதன்பிறகு லேப் மேஜைக்கு வெள்ளைத் தாள் வந்தது. என்னை யாரும் கூப்பிடவில்லை. மறுபடி லேபுக்கு வரட்டுமா என்று இன்சார்ஜிடம் நானே போய்க் கேட்டேன்.

"பேக்கிங்ல ஆள் இல்லம்மா. நீ நல்லாத்தானே ஒட்டுற?" என்றார்.

சுங்குவார்சத்திரம் பக்கம் ஒரு டெஸ்டிங் லேபில் ஆள் எடுத்தார்கள். லீவு போட்டுப் போனேன். ஒரு குடுவை அமிலத்தைக் கொடுத்து, "செறிவு எவ்வளவு, சொல்லுங்க" என்றார் அங்கிருந்த மேடம். வெள்ளைத் தாள் கேட்டு வாங்கிக்கொண்டேன். இளஞ்சிவப்பு வந்து நின்றது. நிறுத்தினேன். நான் சொன்ன அளவைக் கேட்டுவிட்டு, எப்போது சேர முடியும் என்றார்.

இங்கே ராஜினாமா கொடுத்துவிட்டேன். கோட்டை இந்த முறை அம்மாவிடம் கொடுக்கவில்லை; நானே துவைத்துக் காயப்போட்டிருக்கிறேன்.