காட்டுக்குப் போக ஒரு சின்னத் துவக்கு

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்கு இன்று லண்டனில் மூன்று கடைகள். பயம் என்றால் என்னவென்று தெரியாது. போன கோடையில் மனைவியோடு காட்டில் கூடாரமடித்துத் தங்க நினைத்து, காவலுக்கு ஒரு சின்னத் துவக்கு வாங்க இருவரும் துப்பாக்கிக் கடைக்குப் போனோம்.

கைத்துவக்கு இந்த நாட்டில் தடை என்ற கடைக்காரர், காற்றழுத்தத்தில் சுடும் பிஸ்டல்களைக் காட்டினார். ஆகச் சின்னதைக் கையில் எடுத்தேன்.

"இஞ்சாருங்கோ, அதை வாங்கினால் நான் வரமாட்டன்," என்றாள் மனைவி.

"இது சின்னன்தானேயப்பா."

"துவக்கில என்ன சின்னன், பெரிசு? ஊரில சண்டை நடக்கேக்க அதுக்குப் பயந்துதானே ஓடி வந்தனாங்கள். அதுக்குப் பக்கத்தில எனக்குப் படுக்க ஏலாது."

ஊருக்கெல்லாம் என் வீரத்தைச் சொல்லித் திரிந்த நான், அவளுடைய பயத்தை ஒருநாளும் கேட்டதில்லை. பிஸ்டலைத் திருப்பிக் கொடுத்தேன். இனி எந்தக் காட்டுக்கும் வெறுங்கையோடுதான் போவேன். அவள் கூட வரவேண்டும், அவ்வளவுதான்.