கேப்புக் குழியும் என் மீசையும்

மீசையைப் பந்தயம் வைக்கிற அளவுக்கு ஒருவனுக்கு மூளை பிசகுமா? பிசகும். வெள்ளவத்தையில் ஆள் இருக்கிறார். இந்தப் பத்தியை எழுதுகிறவர்தான்.

கொட்டாஞ்சேனையில் இருக்கும் இராசதுரை என் மனைவி பவளத்தின் அண்ணன். மச்சானும் நானும் ஒரே ரிவால்வர் கிளப்பில் மெம்பர்கள். (லைசென்ஸ் உண்டு. பொலிஸ் நண்பர்கள் பதற வேண்டாம்.) போன மாதம் சாப்பாட்டு மேசையில் பேச்சு முற்றி, கிளப் போட்டியில் தோற்கிறவர் மீசையை எடுப்பது என்று முடிவாயிற்று. என்னுடையது எண்ணெய் போட்டு, சீவி, முறுக்கி வளர்த்த மீசை. மச்சானுடையதோ புருவம் அளவு. நஷ்டம் யாருக்கு என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

யுத்தம் முடிந்தும் கொள்ளுப்பிட்டிக் கடைகளில் தோட்டாவுக்குப் பஞ்சம். ஆகவே சுட்டு முடிந்த தோட்டாக்களின் வெற்றுக் கோதுகளையே மருந்தும் குண்டும் போட்டு நாங்கள் திரும்ப நிரப்பிக்கொள்கிறோம். கோதின் அடியில் கேப்பு என்று ஒன்று இருக்கும். அதில் துப்பாக்கியின் ஊசி குத்தினால்தான் தோட்டா வெடிக்கும். பழைய கேப்பைத் தட்டி எடுத்துவிட்டு, அந்தக் குழியில் புதியதை வைத்து அழுத்த வேண்டும். இந்த முறை பட்டாளத்து நண்பர் ஒருவர் ஒரு பை நிறையக் கோது தந்தார். பளபளவென்று பித்தளை... பார்த்ததும் வாய் ஊறியது.

ஆனால் புதிய கேப்பு உள்ளே போகமாட்டேன் என்றது. ஏன்? கேப்பு கழன்று விழக் கூடாதென்று பட்டாளத் தோட்டாக்களில் குழியின் விளிம்பை உள்பக்கமாக நசுக்கிவிடுகிறார்கள். அந்த நசுங்கல் வழியை மறிக்கிறது. நான் விடுவேனா? கொஞ்சம் பலமாக அழுத்தினேன். டப்பென்று கேப்பு வெடித்தது. குசினியில் பவளத்தின் கையிலிருந்த இடியப்பத் தட்டு நிலத்தில் விழுந்தது.

சரி, விளிம்பை மெல்லச் சுரண்டிவிட்டால் போதும். பேனாக்கத்தியை எடுத்துச் சுரண்டினேன். கேப்பு இறுக்கமாகப் போய் உட்கார்ந்தது. இன்னும் கொஞ்சம் சுரண்டினால் இன்னும் நல்லதுதானே? சுரண்டினேன்... வேட்டியெல்லாம் பித்தளைத் தூள் மின்னியது. கடைசியில் பெருவிரலால் தள்ளினாலே கேப்பு உள்ளே போனது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பக்கத்தில் குத்துவிளக்குக்குப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்த பவளம் எட்டிப் பார்த்தாள்.

"என்ரை காதுத் தோட்டுச் சுரை இவ்வளவு லேசாப் போகுதெண்டால் நான் அந்தத் தோட்டைப் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போகமாட்டன்."

"உனக்கென்ன தெரியும்? இது விஞ்ஞானம்," என்றேன்.

"ஓம், ஓம்," என்று விளக்கின் பக்கம் திரும்பிவிட்டாள்.

போன சனிக்கிழமை போட்டி. முதல் இரண்டு குண்டும் கறுப்பு வட்டத்தின் நடுவில். மச்சானின் முகம் சுருங்கியது. மூன்றாவதற்கு விசையை இழுக்கிறேன் – அசையவில்லை. முந்திய குண்டின் உதைப்பில் அடுத்த தோட்டாவின் கேப்பு நழுவி வெளியே வந்து, ரிவால்வரின் உருளையைச் சுற்றவிடாமல் முட்டுக்கொடுத்து நிற்கிறது. நேரம் முடியும்வரை நான் அதோடு மல்லுக்கட்ட, மச்சான் ஆற அமரச் சுட்டு முடித்தார். மட்டமாகத்தான் சுட்டார். ஆனாலும் வென்றுவிட்டார்.

அன்று பின்னேரமே கையில் சவரக் கத்தியோடு வீட்டுக்கு வந்து நின்றார். எனக்கு வெட்கத்தைவிடத் துக்கம்தான் அதிகம். பவளத்துக்கே பொறுக்கவில்லை.

"இவர் பாவம், அண்ணை. விளிம்பை மட்டும் எடுக்கட்டும், விடுங்கோ."

மச்சான் இளகினார். "சரி, தங்கச்சிக்காக விடுறன். ரெண்டு பக்கமும் நுனியை மட்டும் எடும் மச்சான். அது காணும்."

கண்ணாடி முன்னால் நின்று வலப்பக்க நுனியை எடுத்தேன். இடப்பக்கம் நீளமாகத் தெரிந்தது. அதைக் கொஞ்சம் எடுத்தேன். இப்போது வலப்பக்கம் நீளம்... இன்னும் கொஞ்சம் எடுத்தால் இன்னும் நல்லதுதானே?

நான் திரும்பியபோது அண்ணனும் தங்கையும் என் மேலுதட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அங்கே பார்ப்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

"இதுவும் விஞ்ஞானமோ?" என்றாள் பவளம்.

பி.கு.: பத்தியின் மேலே இருக்கிற என் படம் பழையது.