நல்ல காற்று

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை சுபஹு தொழுதுவிட்டு சைக்கிளை எடுத்தால், வெயில் ஏறுமுன் மாந்தோட்டங்களையும் மரமுந்திரிகைத் தோட்டங்களையும் தாண்டி, யானைக்காட்டின் மின்வேலி வரை போய்விடலாம். தோட்டங்கள் முடியும் வரைக்கும்தான் மூச்சை இழுத்து விடலாம். வேலியோரம் முழுக்கக் கோழிக்குடல், பிள்ளைகளுக்குக் கட்டிய பம்பர்ஸ், சோற்றுப் பார்சல் சுற்றிய தாள்கள். போன வாரம் பாதையில் கிடந்த யானை லத்தியைச் சுற்றி ஓட்டினேன். அதற்குள் ஒரு பொலித்தீன் பை கிழியாமல் முழுசாக இருந்தது.

சற்றுத் தள்ளி ஒரு கார் நின்றது. அதிலிருந்து இறங்கியவர் பள்ளிவாசலில் என் பக்கத்து வரிசையில் தொழுகிறவர். டிக்கியைத் திறந்து, வீங்கிப்போன இரண்டு கறுப்புப் பைகளை வேலிக்கு மேலால் வீசினார்.

"காக்கா, இத ஏன் இஞ்ச கொண்டுவந்து போடுறீங்க?"

"ஊட்டுல வெச்சா நாறுமே தம்பி."

முகத்தில் ஒரு கூச்சமும் இல்லை. கையைத் துடைத்துக்கொண்டு காரைப் பூட்டினார்.

"ஊட்ட போகல்லையா?"

"இல்ல, டொக்டர் நடக்கச் சொல்லியிரிக்காரு. ஊருக்குள்ள ஒரே புகை. இஞ்சதான் நல்ல காத்து."

கைகளை வீசிக்கொண்டு, அந்த லத்தியைப் பார்த்துத் தாண்டி நடந்தார்.