தட்டில் ஷாரோனின் முகம்

செங்கல்பட்டை அடுத்த ஒரு கல்லூரியில், கிருமி வளர்க்கும் ஆய்வுக்கூடத்துக் கண்ணாடித் தட்டுகளைக் கழுவுகிறவள் ஜெசிந்தா. படாளத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். அவளுடைய ஒரே மகள் ஷாரோன், பன்னிரண்டாவது படிக்கும்போது காலில் ஆணி குத்தி, பதினோரே நாளில் போய்விட்டாள். "ரத்தத்துல கிருமி கலந்துடுச்சும்மா" என்று டாக்டர் சொன்னதோடு சரி. அன்றிலிருந்து ஜெசிந்தாவின் கணவன் ஏசுதாஸ் பேச்சை விட்டுவிட்டான். நெம்மேலிக்குக் குழாய் வேலைக்குப் போவான், வருவான், சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வான்.

போன ஆடியில் ஆராய்ச்சி மாணவி ஷபானா, கிருமி வளரக் கூழ் ஊற்றி உறையவைத்த ஒரு தட்டில், கிருமியைத் தொட்டு மீன் வரைந்தாள். வரைந்தபோது ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் அது வளர்ந்ததும் புறஊதா விளக்கடியில் வைத்தாள். மீன் பச்சையாகச் சுடர்ந்தது.

"தானா எரியாதுக்கா. இந்த வெளிச்சம் பட்டாத்தான் ஒளிரும்."

ஜெசிந்தா அவளிடம் கெஞ்சி, மீந்த தட்டுகளை வாங்கிக்கொண்டாள். பல்குச்சி நுனியால் ஷாரோனின் முகத்தை வரைந்து வரைந்து பார்த்தாள். எத்தனையோ தட்டு வீணானது. கடைசியில் ஒன்றில் மூக்கும், இடப்பக்கம் ஏறிய அந்தச் சிரிப்பும் அப்படியே வந்துவிட்டன. நாலு நாள் போனால் பச்சை தட்டெங்கும் கசிந்து முகம் கலங்கிவிடும். அதனால் அந்தச் சனிக்கிழமை மதியமே ஏசுதாஸை வரவழைத்தாள்.

இருட்டறையில் விளக்கைப் போட்டாள். அவன் கண் கலங்கியது. தட்டின் மூடிமேல் விரல் வைத்தான்.

"நம்ம பாப்பாடி... இன்னாத்துல வரஞ்ச?"

"கிருமிதான்யா. உசுரோட கீது."

விரலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். "அவள தின்னதே கிருமி. அதுலயே அவ மூஞ்ச வளத்துகினு கீறியா?"

"அது வேறய்யா. இது நோய் வராம நெல்லு விதைக்குப் பூசுவாங்களே, அந்த..."

அவன் கேட்க நிற்கவில்லை.

வளர்த்த கிருமியை ஆவியில் வேகவைத்துக் கொன்ற பிறகுதான் கொட்ட வேண்டும். அதுவும் அவள் வேலைதான். "போட்டோவாவது எடுத்துக்கலாம்க்கா" என்றாள் ஷபானா. ஜெசிந்தா வேண்டாமென்று தலையாட்டி, தட்டை ஆவிக்கலத்துக்குள் வைத்து அதன் மூடியைத் திருகினாள். பிறகு வெந்து உருகிய கூழை வழித்தெறிந்துவிட்டுத் தட்டைத் தேய்த்துக் கழுவினாள்.

மறுநாள் வீட்டில் ஏசுதாஸ் மறுபடி வாய் திறந்தான். "இனிமே நீ ஆக்குனத நான் துன்ன மாட்டேன்."

இப்போது அவன் தனியாகப் பொங்கிக்கொள்கிறான். அவள் கை பட்ட சொம்பைக்கூடத் தொடுவதில்லை.