பகலில் தூங்க ஒரு வீடு

நர்ஸம்மாவுக்கு ராத்திரிதான் பகல். ஆஸ்பத்திரியில் சேர்ந்த நாள் முதலே அவள் கேட்டு வாங்கிக்கொண்டது ராத்திரி ஷிஃப்ட். பார்க்க வருகிறவர்களின் கூட்டம் கலைந்து, பெரிய டாக்டர்களின் அதட்டல் ஓய்ந்த பிறகு வார்டு தன் கைக்கு வந்துவிடும் என்பாள். காலையில் வீடு திரும்பிக் குளித்துவிட்டுப் படுத்தால் சாயங்காலம்வரை தூங்க வேண்டும். வேண்டும் என்பது சரி, தூங்க விட்டால்தானே?

குடியிருந்த வாடகை வீட்டுக்கு மேலே நடன வகுப்பு. பக்கத்தில் இரும்புக் கதவு செய்யும் பட்டறை. மாடியில் குதித்தால் கீழே மின்விசிறி ஆடும். பட்டறையில் அறுத்தால் பல் கூசும். காதில் பஞ்சடைத்துப் பார்த்தாள். தலையணையை முகத்தின் மேல் போட்டுப் பார்த்தாள். ஒரு நாள் பொறுமை போய் எழுந்து உட்கார்ந்தவள், சாப்பிட வந்திருந்த கணவரிடம் சொன்னாள்:

"சொந்தமா ஒரு வீடு வாங்கிடலாங்க. பெரிசா வேண்டாம். பகல்ல தூங்க முடிஞ்சா போதும்."

கணவர் சலூன் வைத்திருப்பவர், வாய் ஓயாதவர். ஆனால் மனைவி அந்தக் குரலில் பேசினால் தலையாட்டுவதோடு சரி. ஆட்டினார்.

அவர்களுக்கு அமைந்த புரோக்கர் சளைக்காத மனிதர். புறாக்கூண்டையும் அரண்மனை என்று சாதிப்பார். "சாயங்காலமா வாங்க, காத்து நல்லா வரும்" என்றார். நர்ஸம்மா மத்தியானம்தான் வருவேன் என்றாள். வந்தவள் குழாயைத் திறந்து பார்க்கவில்லை, சுவரைத் தட்டிப் பார்க்கவில்லை. படுக்கையறைத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஏம்மா, வீடு பார்க்க வர்றவங்க கண்ணைத் திறந்துதானே பார்ப்பாங்க?"

"நான் காதால பார்க்குறேன். நீங்க கொஞ்சம் பேசாம இருங்க."

புரோக்கருக்கு அதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. ஒரு வீட்டில் பள்ளிக்கூட மணி கேட்டது. இன்னொன்றில் பஸ் பிரேக் போடும் சத்தம். மற்றொன்றில் எல்லாம் கூடிவந்து, கைகுலுக்கப் போகும் நேரத்தில் பக்கத்து வீட்டுக்காரர் டிரம்பெட் பழக ஆரம்பித்தார். மூவரும் சொல்லாமல் கொள்ளாமல் படியிறங்கினார்கள்.

அப்புறம்தான் அந்த முட்டுச்சந்து வீடு வந்தது. ஒற்றை மாடி, பின்னால் சின்ன முற்றம், மங்கிப்போன பச்சைக் கதவு. சொந்தக்காரர் பல வருஷம் அச்சகம் நடத்திவிட்டு ஓய்ந்தவர். மகனோடு போய் இருக்கத் தீர்மானித்து வீட்டை விற்க நினைத்தார். நர்ஸம்மா உள்ளறையில் உட்கார்ந்தாள், கண்ணை மூடினாள். சற்று நேரத்தில் சாய்ந்தாள். பிறகு லேசான குறட்டை கேட்டது.

சலூன்காரருக்கு முகம் சிவந்துவிட்டது. எழுப்பப் போனவரை அச்சகக்காரர் கையமர்த்தினார்.

"தூங்கட்டும் விடுங்க. எங்க வீட்ல இப்படி நிம்மதியா ஆள் தூங்கி ரொம்ப நாளாச்சு."

ஆண்கள் மூவரும் முற்றத்தில் டீ குடித்தபடி கிசுகிசுவென்று பேசிக்கொண்டிருந்தார்கள். வெயில் சுவரை விட்டு இறங்கிய பிறகு நர்ஸம்மா கலைந்த கொண்டையோடு வெளியே வந்தாள்.

"இந்த வீடுதாங்க" என்றாள்.

"வில்லங்கம்னு ஒரு துரும்பு கூடக் கிடையாதும்மா!" என்று புரோக்கர் நெஞ்சைத் தொட்டார்.

வீட்டுக் கடனுக்கு எழுதிக் கொடுத்தார்கள். அவள் நல்ல தூக்கத்தில் இருக்கும்போதுதான் பாங்க்காரர்கள் போன் செய்வார்கள். ஒரு தடவை அரைத் தூக்கத்தில் எடுத்து, "பல்ஸ் எவ்வளவு?" என்று மேனேஜரைக் கேட்டுவிட்டாள். அவர் சிரித்துவிட்டுக் கடனைப் பாஸ் பண்ணினார். எல்லாம் வழுக்கிக்கொண்டு போகும்போது வக்கீல் கண்ணாடியைக் கழற்றினார். வீடு அப்பா சொத்து. அச்சகக்காரருக்கு ஒரு தங்கை உண்டு. தங்கையும் கையெழுத்துப் போட்டால்தான் விற்பனை செல்லும்.

"தங்கச்சியா?" என்று புரோக்கர் வாயைப் பிளந்தார்.

அச்சகக்காரரின் முகம் இறுகிவிட்டது. "அவகூட நான் பேசுறதில்ல. பேசவும் மாட்டேன்."

நர்ஸம்மா தங்கையைத் தேடிப் போனாள். தையல் கடை வைத்திருந்தார் அந்த அம்மாள். வாயில் குண்டூசிகளைக் கவ்வியபடியே எல்லாவற்றையும் கேட்டார். ஊசிகளை ஒவ்வொன்றாகத் துணியில் குத்திவிட்டு, "அவன் வந்து கேட்கட்டும், போடுறேன்" என்றார். அண்ணனிடம் வந்து சொன்னால், "ஏன், அவளுக்குக் கால் இல்லையா?" என்றார். இவர் சொன்னதை அங்கேயும் அவர் சொன்னதை இங்கேயுமாகச் சுமந்து நர்ஸம்மாவின் செருப்பு தேய்ந்தது. புரோக்கர் கையைப் பிசைந்தார்.

"விட்டுடுங்கம்மா. வேற நல்ல வீடா காட்டுறேன்."

"வார்டுல மாத்திரை போட மாட்டேன்னு அடம்பிடிக்கிறவங்களை நான் எத்தனை பேரைப் பார்த்திருக்கேன்! கெஞ்சக் கூடாது, மிரட்டவும் கூடாது. பக்கத்துல போய் உட்காரணும். அவ்வளவுதான்."

தையல்கார அம்மாளின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "கையெழுத்தை விடுங்கம்மா. நீங்க பிறந்து வளர்ந்த வீடு. கடைசியா ஒரு தடவை பார்த்துட்டு வந்துடுங்க. உங்க அண்ணனும் இருப்பாரு, ஒளிக்க மாட்டேன்." தங்கை வரப்போவதை அண்ணனிடமும் ஒளிக்காமல் சொன்னாள்.

வருவாரோ மாட்டாரோ என்று எல்லாரும் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்க, அந்த அம்மாள் ஆட்டோவில் வந்து இறங்கினார். அண்ணனைப் பார்க்காமல் நேரே முன்னறைக்குப் போனார். அங்கே ஒரு காலத்தில் அப்பாவின் முதல் அச்சு மிஷின் நின்றது. இப்போது வெறும் தரை.

"மிஷினைப் பழைய இரும்புக்குப் போட்டியே! எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா? அப்பா மடியில உட்கார்ந்து நான் எழுத்துக் கோத்த மிஷின்டா அது!"

"சொன்னா நீ அழுவேன்னுதான் சொல்லல!"

"அழ விட்டிருக்கலாமே!"

அந்த அம்மாள் அழுதார். இத்தனை வருஷமாகத் தேக்கி வைத்திருந்த அழுகை. அச்சகக்காரர் என்ன செய்வதென்று தெரியாமல் தோள் துண்டை எடுத்து நீட்டினார். அதுவும் அழுக்குத் துண்டு. "துவைக்கவே மாட்டியா?" என்று அழுகைக்கு நடுவிலேயே அந்த அம்மாள் கேட்க, அவர் அசடு வழிய, யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை. சலூன்காரர் பின்பக்கம் திரும்பி மூக்கைச் சிந்தினார். நர்ஸம்மா டீ போடப் போனாள். சர்க்கரை எங்கே இருக்கிறதென்று அண்ணனும் தங்கையும் ஒரே நேரத்தில் குரல் கொடுத்தார்கள்.

பதிவு அலுவலகத்தில் காத்திருந்தபோது பெஞ்சில் இடம் போதவில்லை. அண்ணன் எழுந்து தங்கைக்கு இடம் விட்டார். தங்கை, "ரொம்பத்தான்!" என்றபடி உட்கார்ந்தார். பெயரைக் கூப்பிட்டதும் இருவரும் போய்க் கையெழுத்தும் விரல்ரேகையும் வைத்துவிட்டு, மை படிந்த விரலோடு யார் கையெழுத்து அழகு என்று விவாதித்துக்கொண்டு திரும்பி வந்தார்கள். அதிகாரி நர்ஸம்மாவை நிமிர்ந்து பார்த்து, "எல்லாரும் ஒரே குடும்பமா?" என்று கேட்டார்.

சாமான் இறக்கிய ஞாயிற்றுக்கிழமை, கூப்பிடாமலே இருவரும் வந்து நின்றார்கள். பீரோவை எந்தச் சுவரோரம் வைப்பது என்பதில் ஆரம்பித்த சண்டை மத்தியானம்வரை நீண்டது. பீரோ மூன்று சுவர்களையும் சுற்றிவிட்டு முதல் இடத்துக்கே வந்தது. சலூன்காரர் சும்மா இருப்பாரா? முற்றத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு, அச்சகக்காரரின் கழுத்தில் துணியைக் கட்டி, ஊர்க்கதை பேசியபடி கத்தரிக்கோலை ஓட்ட ஆரம்பித்தார்.

"காதோரம் இன்னும் கொஞ்சம் குறைங்க. சின்ன வயசுல இருந்தே அங்கே காடு மாதிரி வளரும்" என்று தங்கை கட்டளையிட்டார்.

"தலை என்னுது!" என்று துணிக்குள்ளிருந்து குரல் வந்தது.

பாத்திரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்த நர்ஸம்மா அதைக் கேட்டுவிட்டாள். சிரிப்பை அடக்க முடியாமல் பெட்டியை அப்படியே தரையில் வைத்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.